ஒளி வருகைப் பதிவேடு

சூலக்கரையில் கண்ணுச்சாமிக்குப் பாத்தியப்பட்ட நாலு ஏக்கர் கரிசலை அரசாங்கம் எடுத்துக்கொண்டது 1962ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி. தேதியைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். அரசாங்கம் அன்றைக்கும் வேலை பார்க்கிறது.

காரணம் மிகவும் நியாயமானது. அமெரிக்காக்காரன் லேசர் என்று ஒன்றைக் கண்டுபிடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிற, இரும்பையும் துளைக்கிற ஒளி. நமக்கும் ஒன்று வேண்டும் என்று டில்லியில் முடிவானது. எங்கே வைப்பது என்று கேள்வி வந்தபோது, ஓர் அதிகாரி புள்ளிவிவரங்களைப் புரட்டிப் பார்த்து, நாட்டிலேயே அதிகமாக ஒளி உற்பத்தியாகும் இடம் சிவகாசி வட்டாரம் என்று கோப்பில் குறிப்பு எழுதினார். மத்தாப்பும் பூச்சட்டியும் அவர் கணக்கில் ஒளித் தொழில். மற்ற அதிகாரிகள் அதில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். இப்படியாக ஒளி உமிழ்வு ஆய்வுக் கூடம் கண்ணுச்சாமியின் பருத்திக்காட்டில் வந்து உட்கார்ந்தது.

கட்டடம் அரை ஏக்கரில் முடிந்துபோயிற்று. மிச்சம் மூன்றரை ஏக்கரையும் எதிர்கால விரிவாக்கத்துக்கு என்று கம்பிவேலி போட்டு மூடினார்கள். அதில் கோரையும் எருக்கும் எதிர்காலத்தை எதிர்பார்த்து விரிந்தன. கண்ணுச்சாமி தினமும் வேலியோரம் நின்று அதைப் பார்ப்பார்.

ஆனால் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நில எடுப்பு உத்தரவை எழுதிய குமாஸ்தா பழைய உத்தரவு ஏதோ ஒன்றைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறார். அதனால் ஒன்பதாவது ஷரத்து என்று இப்படி ஒன்று உள்ளே வந்துவிட்டது: ‘எந்தக் காரியத்துக்காக நிலம் எடுக்கப்பட்டதோ அந்தக் காரியம், அதாவது ஒளி, ஐந்து வருஷத்துக்குள் வெளிப்படாவிட்டால் நிலம் உடையவருக்கே திரும்பும்.’ கெடு 1967 மார்ச் 31. கண்ணுச்சாமி அந்தக் காகிதத்தைத் தகரப்பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தார்.

நிலத்தை இழந்தவர் என்ற இரக்கத்தில் கூடத்திலேயே அவருக்கு உதவியாள் வேலை கொடுத்தார்கள். பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, வெளிக்கேட்டைத் திறந்து பூட்டுவது. அதுபோக ஒரு கையெழுத்து. கூடத்தில் ‘ஒளி வருகைப் பதிவேடு’ என்று ஒரு பெரிய நோட்டு இருந்தது. தேதி, நேரம், ஒளி வருகை, கண்ணால் கண்ட சாட்சி என்று நாலு கட்டம். ஆபீஸ் கண்காணிப்பாளர் அய்யாதுரை ஒவ்வொரு நாளும் சாயங்காலம் மூன்றாவது கட்டத்தில் ‘வரவில்லை’ என்று எழுதுவார். நிலக்காரர் என்ற முறையில் நாலாவது கட்டத்தில் கண்ணுச்சாமி கையெழுத்துப் போடுவார். ஊரில் வேறு யாரும் ஓர் ஆபீஸ் நோட்டில் அத்தனை சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

முதல் மூன்று வருஷம் கூடம் மும்முரமாக இயங்கியது. காம்பவுண்டுச் சுவருக்கு எந்த வர்ணம் என்று ஒரு கமிட்டி போட்டார்கள். அந்தக் கமிட்டிக்கு நாற்காலி வாங்க இன்னொரு கமிட்டி போட்டார்கள். லேசர் செய்ய ஒரு கண்ணாடித் தண்டு வேண்டும் என்ற ஞாபகம் 1965இல் வந்தது.

தண்டைப் பற்றித் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். பெயர் உதுமான். விருதுநகர் பஜாரில் மல்லி, வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்த பீர் முகைதீனின் மகன். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு. அந்த ஒரு குறை தவிர ஆபீஸில் அவர்மேல் வேறு புகார் கிடையாது.

மூன்று கம்பெனிகள் டெண்டர் அனுப்பியிருந்தன. அய்யாதுரை ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தார். விலை, எடை, வந்துசேரும் நாள், உத்தரவாத மாதம், உமிழ்வுக் குறுக்குப் பரப்பு என்று ஐந்து கட்டம். கடைசிக் கட்டத்தில் முதல் கம்பெனி முப்பது, இரண்டாவது கம்பெனி மூன்று, மூன்றாவது கம்பெனி ஒன்று. அவையெல்லாம் புள்ளிக்குப் பிறகு ஏகப்பட்ட சைபர் போட்டு எழுத வேண்டிய எண்கள். டைப் மெஷின் ரிப்பனை மிச்சம் பிடிக்க அய்யாதுரை சைபர்களை விட்டுவிட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதிலேயே குறைந்த எண்ணுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போடுவது விதி. மூன்றாவது கம்பெனிக்கு ஐந்து அடிக்கோடும் விழுந்தது. உத்தரவாதம் இரண்டு வருஷம் தருகிறேன் என்றவனை விட்டு ஒரு மாதம் என்றவனுக்குக் கோடு போட்டதும் அந்த விதிப்படிதான்.

உதுமான் இயக்குநர் அறைக்கு ஓடினார். கண்ணுச்சாமி அப்போது கூஜாவில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், விலை குறைவா இருக்கணும், சரி. குறுக்குப் பரப்பு கூடுதலா இருக்கணும் சார். முப்பதுதான் நமக்கு வேணும்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சென்னையிலிருந்து வந்தவர். மேடை இல்லாத இடத்திலும் மேடையில் நிற்பவர்போலத்தான் பேசுவார்.

“உதுமான், விஞ்ஞானம் உணர்ச்சிவசப்படலாம். கொள்முதல் உணர்ச்சிவசப்படக் கூடாது. ஒன்று கிடைக்கும்போது முப்பதை ஏன் வாங்கினீர்கள் என்று தணிக்கையில் கேட்டால், அணுவைக் கூட்டிவந்து சாட்சி சொல்லச் சொல்வீர்களா?”

“ஒண்ணை வெச்சு லேசர் வர்றது ரொம்பக் கஷ்டம் சார்.”

“கஷ்டப்படத்தானே நமக்கு நிதி ஒதுக்கியிருக்கிறார்கள்.”

தண்டு வந்தது. உள்ளங்கை நீளம், லேசான ஊதா நிறம். பார்க்க அழகாகவே இருந்தது. பக்கத்தில் பளிச்சென்று மின்னி அணையும் விளக்கு ஒன்றைப் பொருத்தி, இரண்டு முனையிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி நிறுத்தி, உதுமான் விளக்கை அடித்தார். ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து உத்தரவாதமும் முடிந்தது.

ஒருநாள் மத்தியானம் உதுமான் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். கண்ணுச்சாமிக்குப் பாவமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து மண்டியில் பார்த்த பிள்ளை.

“அந்தத் தண்டுல அப்படி என்னதான் குறைச்சல் தம்பி?”

“அண்ணாச்சி, அதுக்குள்ள கோடி கோடியா அணு இருக்கு. விளக்கை அடிச்சா ஒவ்வொண்ணும் கொஞ்சம் வெளிச்சத்தை வாங்கி மடியில முடிஞ்சுக்கிடும். அதே மாதிரி வெளிச்சம் ஒண்ணு பக்கத்துல போச்சுன்னா, மடியை அவுத்துத் தன்னோடதையும் அதுகூட அனுப்பி வைக்கும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும்.”

“சரவெடி கணக்கா.”

“அதேதான். குறுக்குப் பரப்புன்னா, போற வெளிச்சத்துக்கு ஒரு அணு எம்புட்டுப் பெருசாத் தட்டுப்படுதுங்கிறது. பெருசுன்னா சட்டுனு மோதும், சட்டுனு அவுக்கும். சிறுசுன்னா வெளிச்சம் உரசாமலே போயிரும்.”

கண்ணுச்சாமி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். விவசாயம் இல்லாத மாதங்களில் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் சரம் பின்னுகிற இடத்தில் மேஸ்திரியாக இருந்தவர் அவர்.

“திரி நீட்டம்னு சொல்லுங்க. சரத்துல ஒவ்வொரு வெடிக்கும் திரி நகக்கண்ணு அளவு வெளிய தெரியணும். அப்பத்தான் ஓடுற தீ அதைப் பிடிக்கும். கடுகளவு தெரிஞ்சா தீ அது பாட்டுக்குத் தாண்டிப் போயிரும். நம்ம ஆபீஸ்ல திரியை ஒட்ட நறுக்குன வெடியாப் பாத்து வாங்கியிருக்காக.”

உதுமான் அவரையே பார்த்தார். இயக்குநருக்கு நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தும் விளங்காத சங்கதி அது.

“அப்படி வெடி வந்தா நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி?”

“நெருக்கிக் கட்டுவோம். பத்த வைக்கிற தீயைக் கூட்டுவோம். அப்பவும் பாதியில நின்னுபோகும்.”

“இங்கயும் அதான். கண்ணாடியில பட்டுப் பட்டுத் திரும்புறப்ப கொஞ்சம் வெளிச்சம் சேதாரமாகுது. சேர்றது சேதாரத்தைவிடக் கூடுனாத்தான் லேசர். இந்தத் தண்டுக்கு விளக்கைப் பல மடங்கு கூட்டணும். ஆனா ஒண்ணு, லேசுல அவுக்காததால மடியில நிறையச் சேரும். கண்ணாடியைச் சித்த நேரம் திருப்பி வெச்சிருந்து, சேர்ந்தப்புறம் சட்டுனு நேரா நிப்பாட்டுனா மொத்தத்தையும் ஒரே அடியா அவுத்துவிட்டுரும். முப்பது நம்பர்த் தண்டால அம்புட்டுச் சேத்து வைக்க முடியாது.”

“வந்தா எப்படி இருக்கும்? சிவப்பா, பச்சையா?”

“கண்ணுக்குத் தெரியாது அண்ணாச்சி. இந்தத் தண்டோட வெளிச்சம் அந்த மாதிரி.”

கண்ணுச்சாமி விளக்குமாற்றைத் திரும்பக் கையில் எடுத்தார். “கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்காகவா என் நெலம் போச்சு” என்று கேட்டார். உதுமான் தூக்கைத் திறந்து சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் டில்லியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தின்கீழ் எல்லாக் கூடங்களும் தங்கள் முக்கிய எண்ணைக் காலாண்டுக்குப் பத்து சதவீதம் உயர்த்த வேண்டும். கூடத்தின் முக்கிய எண் குறுக்குப் பரப்பு என்று இயக்குநர் முடிவு செய்தார்.

“அது அணுவோட குணம் சார். யாராலயும் கூட்ட முடியாது” என்றார் உதுமான்.

“கூட்ட முடியாத ஒன்றுக்கு எந்த அரசாங்கமும் பணம் ஒதுக்காது. ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே கூட்ட முடியும்.”

அந்தக் காலாண்டு ஒன்று புள்ளி ஒன்று ஆயிற்று. அடுத்தது ஒன்று புள்ளி இரண்டு ஒன்று. சுவரில் வரைபடம் மாட்டினார்கள். வருஷ முடிவில் இயக்குநருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. இவ்வளவு உயர்ந்தும் ஒளி தராத தண்டுக்கு விளக்கம் கேட்டு அய்யாதுரை மெமோ கொடுத்தார். தண்டு ஏழு நாளைக்குள் பதில் தரவில்லை. ‘மேற்படியாருக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

இன்னொரு பக்கம் உதுமான் விளக்கை இரண்டு, நான்கு, எட்டு என்று கூட்டிக்கொண்டே போனார். எட்டாவது விளக்கை அடித்த அன்று விருதுநகர் சினிமாக் கொட்டகையில் கதாநாயகி பாதிப் பாட்டில் இருட்டாகிவிட்டாள். மின்சார இலாகாக்காரர்கள் வந்து நாலு விளக்குக்குமேல் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். பதிவேட்டில் ‘வரவில்லை’ தொடர்ந்தது. கண்ணுச்சாமி விதைப்பருத்திக்குச் சொல்லிவைத்தார்.

1967 ஜனவரியில் அய்யாதுரை வேறு எதையோ தேடும்போது ஒன்பதாவது ஷரத்து அகப்பட்டது. கூடமே ஆடிப்போயிற்று. நிலம் போனால் கட்டடம் போகும், கட்டடம் போனால் பதவி போகும். இயக்குநருக்கு ஏப்ரல் முப்பதில் ஓய்வு. அதற்குமேல் இரண்டு வருஷ நீட்டிப்புக்கு ரகசியமாக மனுப் போட்டிருந்தார். அது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“மின்சாரம் இல்லையென்றால் என்ன? நாம் இருப்பது எங்கே? சிவகாசிப் பக்கம். ஒளிமருந்தைக் கொளுத்தித் தண்டுக்கு ஒளியூட்டுங்கள்” என்றார் இயக்குநர். ஐந்து வருஷத்தில் அவர் சொன்ன ஒரே புத்தியான யோசனை அதுதான். ஆனால் நாலு பக்கமும் வைத்த மருந்து இம்மி பிசகாமல் ஒரே நொடியில் பற்ற வேண்டும். அப்படித் திரி வைக்கத் தெரிந்த ஆள் கூடத்தில் ஒருவர்தான் இருந்தார். கண்ணுச்சாமியைக் கூப்பிட்டு உத்தரவிட்டார்கள்.

வீட்டில் மனைவி இருளம்மாள் இதைக் கேட்டதும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே வைத்தாள்.

“நம்ம நெலத்துக்கு நீங்களே கொள்ளி வைக்கப் போறீகளா?”

“உதுமான் தம்பி ஒரே ஒரு தடவை வரட்டும்னு கெஞ்சுது. அஞ்சு வருஷமா அதுவும் என்னை மாதிரிதான் காத்துக்கெடக்கு. பெறகு நான் வச்ச திரி பிடிக்கலேன்னு அச்சங்குளத்துல ஒருத்தன் பேசக் கூடாது.”

“பெருமை சோறு போடுமா?”

“இதைக் கேளு. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாதாம். நோட்டுல ‘வந்தது’ன்னு எழுத, கண்ணால கண்ட சாட்சி வேணும். நாந்தான் சாட்சி. நான் காணாததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

இருளம்மாள் யோசித்தாள். “அம்புட்டுச் சுளுவா அவுக விடுவாகளா” என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 31 காலையில் டில்லியிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்தது. மாலை, இறைவணக்கம், வரவேற்புரை எல்லாம் முடியப் பதினொன்றரை. குழுத்தலைவர் பேசினார்: “ஒளி வந்துதான் ஆக வேண்டும் என்று எந்த அழுத்தமும் எங்கள் தரப்பில் இல்லை. வந்துவிட்டது என்ற அறிக்கையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறோம். ஒளி தன் கடமையைச் செய்ய வேண்டியதுதான் பாக்கி.”

லேசர் போய்ப் படுகிற பலகைக்கு டெண்டர் இன்னும் முடிவாகவில்லை. அதனால் ஒரு சவர பிளேடைக் குச்சியில் செருகி வைத்திருந்தார் உதுமான். அதற்குப் பின்னால், வந்த கையோடு எழுத வசதியாக இருக்கட்டும் என்று, பதிவேட்டை அன்றைய பக்கத்தில் விரித்து ஸ்டூலில் நிமிர்த்தி வைத்தார் அய்யாதுரை. உதுமான் எடுக்கச் சொன்னார். பதிவேடு இருக்க வேண்டிய இடத்தை விஞ்ஞானிகள் தீர்மானிக்க முடியாது என்று பதில் கிடைத்தது.

கண்ணுச்சாமி நாலு திரியையும் நூல் வைத்து அளந்து வைத்திருந்தார். எல்லோரையும் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டுப் பற்ற வைத்தார். நாலு மருந்தும் ஒரே மூச்சில் எரிந்தன. கூடம் முழுக்க ஒரு வெள்ளை வெளிச்சம். தண்டின் முனையில் உதுமான் திருப்பி வைத்திருந்த கண்ணாடி சட்டென்று நேராக வந்து நின்றது. டப் என்று ஒரு சின்னச் சத்தம். அப்புறம் புகைதான்.

புகையில் இருமிக்கொண்டே குழு கைதட்டியது. “பிரமாதமான ஒளி” என்றார் தலைவர்.

“அது விளக்குக்குப் பதிலா வச்ச மருந்தோட வெளிச்சம் சார். லேசர் கண்ணுக்குத் தெரியாது” என்றார் உதுமான். கையில் பிளேடு இருந்தது. அதன் நடுவில் ஊசி போகிற அளவில் வட்டமான ஓட்டை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணுச்சாமி நிலத்தை மறந்து அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தார்.

தலைவர் முகம் சுருங்கியது. “பார்த்தது நம்முடையதில்லை, நம்முடையதைப் பார்க்கவில்லை என்கிறீர்கள். சாட்சி என்ன சொல்கிறார்?”

“நான் பாத்தது மருந்து வெளிச்சம் சாமி. கோயில் திருவிழாவுலயும் அதைத்தான் பாப்போம். வேற ஒண்ணும் நான் காணல” என்றார் கண்ணுச்சாமி. ஒரு சொல்லும் பொய்யில்லை.

அப்போதுதான் அய்யாதுரை பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிளேடைத் துளைத்த ஒளி அதோடு நிற்காமல் அன்றைய பக்கத்தில், சரியாக ‘ஒளி வருகை’ என்ற கட்டத்தில், ஓர் ஓட்டை போட்டிருந்தது. ஓரம் கருகியிருந்தது. இதைவிடத் தெளிவாக எந்த ஒளியும் தன் வருகையைப் பதிவு செய்ததில்லை.

“ஓட்டை விழுந்த பக்கத்தில் எதையும் எழுதக் கூடாது. பதினேழாவது விதி” என்றார் அய்யாதுரை. “புதுத்தாள் ஒட்ட டில்லி அனுமதி வேண்டும். ஒரு நாளின் பதிவு முடியாமல் அடுத்த நாளுக்குப் போகவும் கூடாது. பதினெட்டாவது விதி.”

“அப்படியானால்?” என்றார் தலைவர்.

இயக்குநர் மெதுவாக எழுந்து நின்றார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

“அப்படியானால், அனுமதி வரும்வரை, இந்தக் கூடத்தைப் பொறுத்தவரை இன்றைய தினம் முடியவில்லை. கெடு தாண்டவில்லை. நிலம் திரும்ப வேண்டியதில்லை. ஏப்ரல் பிறக்காததால் ஏப்ரல் முப்பதும் வராது. பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க எனக்கு ஆசையில்லை. நாள் நகராதபோது நான் மட்டும் நகர்வது ஒழுங்கீனம்.”

குழு பதினைந்து நிமிஷம் விவாதித்து ஒப்புக்கொண்டது. கண்ணுச்சாமி எரிந்த திரிகளைப் பெருக்கி அள்ளினார். ஐந்து வருஷம் எண்ணி எண்ணிக் கடைசி நாளுக்கு வந்தால், அந்த நாளையே பூட்டிவிட்டார்கள். அன்றைக்கு அவருக்கு அழக்கூட வரவில்லை.

காலண்டரில் தாள் கிழிப்பது நின்றது. வெளியே சித்திரை வந்தது, ஆடி வந்தது. கூடத்தில் தினமும் மார்ச் 31. உதுமான் ராஜினாமாக் கடிதத்தில் தேதி போட முடியாமல், பிளேடைப் பையில் போட்டுக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டார். அனுமதி கேட்ட கடிதம் டில்லியில் ஏப்ரல் தபாலாகப் போய்ச் சேர்ந்தது. அனுப்பிய ஆபீஸில் ஏப்ரல் வரவில்லை என்பதால் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது.

ஐப்பசியில் நல்ல மழை. மண் பதமாக இருந்தது. இருளம்மாள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள்.

“அங்கன இன்னும் பங்குனிதானா?”

“பங்குனிதான்.”

“அப்ப நாம ஐப்பசியில செய்யறது அவுகளுக்கு எப்படித் தெரியும்?”

கண்ணுச்சாமி மாட்டை அவிழ்த்தார்.

வெளிக்கேட்டுச் சாவி அவரிடம்தானே இருந்தது. எருக்கை வெட்டி, கோரையைக் களைந்து, மூன்றரை ஏக்கரையும் உழுதார். அய்யாதுரை மெமோக் காகிதத்தோடு வரப்பில் ஓடி வந்தார்.

“கண்ணுச்சாமி, இது அத்துமீறல். எழுதப் போறேன்.”

“எழுதுங்கய்யா.”

“என்னைக்கு உழுதீரு?”

“இன்னைக்குத்தான். நீங்களே பாக்கீகளே.”

பேனா தேதிக்கட்டத்தில் வந்து நின்றது. அக்டோபர் என்று எழுதினால் ஏப்ரல் பிறந்துவிட்டதாக ஆபீஸே ஒப்புக்கொள்கிறது. கெடு முடிந்து நிலம் கண்ணுச்சாமிக்கு. மார்ச் 31 என்று எழுதினால், அன்று காலை முதல் மாலை வரை டில்லிக் குழு அங்கே இருந்தது, யாரும் உழவில்லை. அய்யாதுரை பேனாவை மூடிக்கொண்டு இயக்குநரிடம் போனார்.

இயக்குநர் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏர் அவருக்கு நேரே திரும்பிக்கொண்டிருந்தது.

“மார்ச் மாதத்தில் யாராவது பருத்தி விதைப்பார்களா? நீர் பார்த்தது நடந்திருக்க முடியாது.”

விதைத்தார்கள். முளைத்தது, பூத்தது, காய்த்தது. தை கழிந்து மாசியில் காய் வெடித்து, மூன்றரை ஏக்கரும் ஜன்னல் விளிம்புவரை வெள்ளையாக நின்றது. ஆபீஸில் ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. அய்யாதுரை மட்டும் ஒருநாள் தலையணைக்கு ரெண்டு கிலோ பஞ்சு கிடைக்குமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒருநாள் நடுப்பகலில் மணி அடித்துக் கண்ணுச்சாமியை உள்ளே கூப்பிட்டார் இயக்குநர். வெயில் பருத்தியில் பட்டு அறை முழுக்க வெளுப்பாக இருந்தது. மேஜையில் பதிவேடு அதே பக்கத்தில் விரிந்து கிடந்தது.

“ஜன்னலைச் சாத்தும். ஒளி தாங்க முடியவில்லை.”

“சரிங்கய்யா” என்று சாத்திவிட்டு, கண்ணுச்சாமி பருத்தி எடுக்கப் போனார்.